கத்தி ஏன் பொம்பளைங்க வயித்தையே தேடிப் போகுது?

முன்னாடியே சொல்லிடறேன், இது கொஞ்சம் காட்டமான பதிவு. 'இதெல்லாம் பொதுவுல பேசற விஷயமா?'ன்னு முகம் சுளிக்கிறவங்க இப்பவே எஸ்கேப் ஆயிடலாம்.

ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு, 2019-21ல எடுத்தது. இந்தியாவுல 15 முதல் 49 வயசு வரைக்கும் இருக்கிற கல்யாணமான பெண்கள்ல, கருத்தடை ஆபரேஷன் செஞ்சுக்கிட்டவங்க 37.9 சதவீதம். புருஷன் செஞ்சுக்கிட்டது? 0.3 சதவீதம். ஆயிரம் குடும்பத்துக்கு 379 பொம்பளை, 3 ஆம்பளை. பிள்ளை மட்டும் ரெண்டு பேருக்கும் பொறந்தது!

சரி, மருத்துவக் காரணம் ஏதாவது இருக்கும்னு பார்த்தா, விஷயம் நேர் எதிரா இருக்கு. ஆணுக்குச் செய்யறது மரத்துப்போக ஊசி போட்டு, தழும்பில்லாம, கால் மணி நேரத்துல முடியற வேலை. அன்னைக்கே நடந்து வீட்டுக்குப் போகலாம். மூணு மாசம் பொறுத்து ஒரு டெஸ்ட், அவ்வளவுதான். பெண்ணுக்கு வயித்தையே திறந்தாகணும். எது சுலபமோ, எது ஆபத்து குறைவோ அதை விட்டுட்டு இன்னொண்ணைப் பிடிச்சுத் தொங்கறோம்.

'ஆம்பளைங்க வரமாட்டாங்க சார், வீரியம் போயிடும்னு பயப்படறாங்க'ம்பாங்க. வீரியம் எல்லாம் எங்கேயும் போகாது. வரமாட்டாங்கங்கிறதும் பச்சைப் பொய். 1971 ஜூலை மாசம் கேரளாவுல எர்ணாகுளத்துல ஒரே மாசத்துல 63 ஆயிரத்துக்கும் மேல ஆண்கள் செஞ்சுக்கிட்டாங்க. பணம், பொருள்னு ஊக்கம் கொடுத்துத்தான் கூப்பிட்டாங்க, இல்லேங்கல. ஆனா வந்தாங்க இல்லையா?

அப்புறம் ஏன் மாறிச்சு? எமர்ஜென்சி. 1976-77ல மட்டும் நாடு முழுக்க சுமார் 83 லட்சம் ஆபரேஷன், அதுல சுமார் 62 லட்சம் ஆண்களுக்கு. டார்கெட் வச்சு, மிரட்டி, பிடிச்சு இழுத்துட்டுப் போய்ச் செஞ்ச அநியாயம் அது. 1977 மார்ச் தேர்தல்ல ஆட்சியே கவுந்தது. வேற காரணங்களும் உண்டு, ஆனா இது பெரிய காரணம். அதுக்கப்புறம் வந்த அரசியல்வாதிங்க ஒரே ஒரு பாடம்தான் கத்துக்கிட்டாங்க. கட்டாயப்படுத்தக் கூடாதுங்கிற பாடம் இல்ல, ஆம்பளை மேல கை வைக்கக் கூடாதுங்கிற பாடம். டார்கெட் அப்படியே இருந்தது, ஆள் மட்டும் மாறிச்சு.

மாறினதோட லட்சணத்தைப் பாருங்க. 2012 ஜனவரி, பீகார்ல அராரியா மாவட்டம். ஒரு பள்ளிக்கூடத்துல, ராத்திரி, டார்ச் வெளிச்சத்துல, ஒரே டாக்டர் ரெண்டு மணி நேரத்துல 53 பெண்களுக்கு ஆபரேஷன். 2014 நவம்பர், சத்தீஸ்கர்ல பிலாஸ்பூர் பக்கம். புழங்காம கிடந்த ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடத்துல, சில மணி நேரத்துல 83 பெண்கள். ஒரு நாளைக்கு 30க்கு மேல கூடாதுன்னு சொன்னது அரசாங்கத்தோட சொந்த விதி. 13 பேர் செத்துப் போனாங்க, எல்லாம் சின்ன வயசு ஏழைப் பெண்கள். எந்த ஆட்சியும் கவுரல. முகாம் போட்டு ஆபரேஷன் பண்றதை மூணு வருஷத்துக்குள்ள நிறுத்துங்கன்னு சொல்றதுக்கு 2016ல சுப்ரீம் கோர்ட் வரவேண்டியிருந்தது.

'பெண்களே விரும்பித்தானே பண்ணிக்கிறாங்க?'ன்னு கேட்கிற புத்திசாலிகளுக்கு ஒண்ணு. எங்க தெருவுல வீட்டு வேலை செய்யற அக்கா ஒருத்தங்க, ரெண்டு பிள்ளை, ரெண்டாவது பிரசவத்தோடயே ஆபரேஷன். "வேற என்ன வழி இருக்குன்னு கேட்டீங்களாக்கா?"ன்னேன். "கேட்டாத்தானே தம்பி சொல்லுவாங்க? பண்ணிக்கிறியான்னு மட்டும்தான் கேட்டாங்க"ன்னாங்க. "மாமாவைக் கேட்கலியா?"ன்னதுக்கு விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அந்தச் சிரிப்புல எங்க இருக்கு விருப்பம்? நாலு பதார்த்தம் வச்சு எது வேணும்னு கேட்டா அது விருப்பம். ஒண்ணே ஒண்ணை வச்சுட்டுச் சாப்பிடுன்னா அதுக்கு வேற பேர்.

காசு இருக்கிற வீட்டுப் பொண்ணு டாக்டர் எதிர்ல உட்கார்ந்து மாத்திரையா, காப்பர்-டியா, ஊசியான்னு பேசி முடிவெடுக்கும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை போடற 'அந்தாரா' ஊசி 2017லதான் அரசு ஆஸ்பத்திரிக்கே வந்தது. இலவசம்தான். ஆனா உங்க ஊர்ல எத்தனை பேருக்கு அந்தப் பேர் தெரியும்? விசாரிச்சுப் பாருங்க.

நான் ஆபரேஷனுக்கு எதிரி இல்லைங்க. எல்லாத்தையும் கேட்டுத் தெரிஞ்சு, போதும்னு முடிவெடுத்து ஒரு பெண் செஞ்சுக்கிட்டா அது அவங்க உரிமை. நான் கேட்கிறது ரெண்டுதான். பிரசவம் முடிஞ்சு படுத்திருக்கிற பொண்ணுகிட்ட கேட்காம, கர்ப்பமா இருக்கும்போதே உட்கார வச்சு எல்லா வழியையும் விளக்கிச் சொல்லணும். அப்படிச் சொல்லும்போது புருஷனும் பக்கத்துல உட்கார்ந்திருக்கணும். "உனக்குத்தான்யா இது ரொம்ப சுலபம்"னு அந்த ஆளோட முகத்துக்கு நேரா ஒருத்தராவது சொல்லணும்.

இதைப் படிக்கிற கல்யாணமான ஆம்பளைங்களுக்கு ஒரு கேள்வி. வீட்டுக்குள்ள பூச்சி வந்தா, பாம்பு வந்தா, 'நீ தள்ளு, நான் பார்த்துக்கறேன்'னு வேட்டியை மடிச்சுக்கட்டறோமே, கால் மணி நேர வேலைக்கு மட்டும் ஏங்க பொண்டாட்டியை முன்னாடி தள்ளி விடறோம்?