450 என்று ஒட்டிவிட்டால் போதுமா?

காரைக்கால் பள்ளி நாட்கள் தொடர் மூன்றாம் பகுதியோடு ஏன் நின்றது என்று சில நண்பர்கள் போனிலும் நேரிலும் கேட்டீர்கள். எழுதி வைத்திருந்த மற்ற ஐந்து பகுதிகளும் போய்விட்டன. வைரஸ் எதுவும் வரவில்லை. ரிப்பேர் என்ற பெயரில் கம்ப்யூட்டர் கடைகளில் நடக்கும் ஒரு பழக்கம்தான் அவற்றைக் கொண்டுபோனது. இன்று அந்தப் பழக்கத்தோடுதான் சண்டை.

கல்லூரியில் படிக்கும் என் பேரன், லீவு நாட்களில் வேலை பார்த்துச் சேர்த்த 29,000 ரூபாயைக் கொடுத்து ஆர்டிஎக்ஸ் 3060 என்ற கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினான். வீட்டில் ஒரே கம்ப்யூட்டர்தான். பகலில் நான் டைப் அடிப்பேன், ராத்திரி அவன் விளையாடுவான். கார்டு வாங்கிய கடையிலேயே மாட்டியும் கொடுத்தார்கள். அன்று ராத்திரி விளையாட்டு ஆரம்பித்த பத்தாவது நிமிஷம் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தது. நீலத் திரையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. பட்டனை அமுக்கினாலும் எழும்பவில்லை. சுவர் சுவிட்சை அணைத்து, கொஞ்சம் பொறுத்துப் போட்டால்தான் உயிர் வந்தது. நான் டைப் அடிக்கும்போது ஒரு நாளும் அணைந்ததில்லை.

அந்தக் கடைசி விஷயமே துப்பு. ஆனால் நான் என்ன சொன்னேன்? "விளையாடி விளையாடியே கெடுத்துட்டியேடா." நம் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் இந்த வசனம் நாக்கு நுனியில் இருக்கிறது. அவன் பதில் பேசவில்லை.

பெட்டியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். முதல் தடவை, "ஈபி கரண்ட் சரியில்ல சார், ஸ்டெபிலைசர் போடுங்க" என்றார்கள். இரண்டாம் தடவை, "விண்டோஸ் கரப்ட் ஆயிருச்சு" என்று சொல்லி, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஃபார்மட் அடித்து 500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். என் ஐந்து பகுதிகளும் போனது அப்போதுதான். பிரதி எடுத்து வைக்காதது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். கேட்காமல் அழித்தது யார் தப்பு? வீட்டுக்கு வந்ததும் மறுபடி அணைந்தது. மூன்றாம் தடவை, "கார்டே போயிருக்கும், வேற வாங்கிப் பாருங்க" என்றார்கள்.

மூன்று தடவையும் விண்டோஸின் பதிவேட்டில் "கெர்னல்-பவர் 41" என்ற குறிப்பு இருந்தது. அதைக் காட்டித்தான் விண்டோஸ் மீது பழி போட்டார்கள். இயந்திரம் முறையாக மூடப்படாமல் நின்று மறுபடி தொடங்கியது என்பதற்கு மேல் அந்தக் குறிப்பு காரணம் எதுவும் சொல்வதில்லை. ஆபீஸ் ஃபைலில் "உரிய இணைப்புகளின்றி வரப்பெற்றது" என்று எழுதுவோமே, அந்த ஜாதி. இணைப்பை எடுத்தது யார் என்று அதைப் படித்துக் கண்டுபிடிக்க முடியுமா?

கடைசியில் நானும் பேரனும் பக்கவாட்டு மூடியைக் கழற்றினோம். எஸ்எம்பிஎஸ் என்ற கரண்ட் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 450 வாட்ஸ். அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு கட்டம். அதில் 12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர். காரைக்காலில் எங்கள் இயற்பியல் வாத்தியார் "ஆம்பேர்" என்றுதான் சொல்வார். லியோனில் பிறந்த மனுஷன் பெயரை இங்கிலீஷ்காரன் மாதிரி உச்சரித்தால் அவருக்குக் கோபம் வரும். வோல்ட்டை ஆம்பேரால் பெருக்கினால் வாட் என்று அவர் சொல்லிக் கொடுத்தது அறுபது வருஷம் கழித்து உதவியது. 12-ஐ 16-ஆல் பெருக்கினால் 192. கார்டு மட்டும் 170 வாட் கேட்கும். பிராசஸருக்குக் காகிதக் கணக்கிலேயே 65. கூட்டினால் 235. இரண்டுமே 12 வோல்ட் வழியில்தான் சாப்பிடுகின்றன. அந்த 450-ல் மிச்சமெல்லாம் 5 வோல்ட், 3.3 வோல்ட் வழிகளின் கணக்கு. இன்றைய கம்ப்யூட்டர் அந்த வழிகளை அதிகம் தொடுவதே இல்லை.

இன்னொன்றும் உண்டு. 170 என்பது சராசரி. கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கார்டு அதற்கு மேலே எகிறும். 2022-ல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் 3.0 வரையறை, பெரிய பவர் சப்ளைகள் 100 மைக்ரோ நொடிக்குத் தங்கள் அளவைப் போல இரண்டு மடங்கு தாங்க வேண்டும் என்கிறது. எங்கள் பெட்டி அதன் அளவையே தாங்காதது. பாரம் தாங்காமல் தன்னைத்தானே அணைத்துக்கொண்டது. அந்த வீட்டிலேயே புத்தியோடு நடந்துகொண்டது அது ஒன்றுதான்.

யூபிஎஸ்ஸிலும் இதே கூத்து. 600 விஏ என்று பெரிதாக இருக்கும். எங்கள் வீட்டில் இருப்பதன் முதுகில் 360 வாட்ஸ் என்று சின்னதாகப் போட்டிருக்கிறது.

"கஸ்டமர் விலை குறைச்சுத்தானே சார் கேக்கிறாங்க" என்றார் கடைக்காரர். பாதி நியாயம். ஆனால் 29,000 ரூபாய்ச் சாமானை விற்கும்போது, "எஸ்எம்பிஎஸ் என்ன போட்டிருக்கீங்க?" என்று கேட்க என்ன செலவு? இந்தக் கார்டுக்கு 550 வாட்ஸ் வேண்டும் என்று அதன் சிப்பைச் செய்யும் என்விடியாவே சொல்கிறது. கேட்காதது மட்டுமில்லை. பழைய பெட்டியில் 8 பின் வயர் இல்லாததைக் கண்ணால் பார்த்துவிட்டு, மோலெக்ஸ் வயர் இரண்டைச் சேர்த்து ஒரு கன்வெர்ட்டர் மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். கைக்கு அது தெரிந்திருக்கிறது, வாய்தான் சொல்லவில்லை. ஒரு அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எத்தனை கிலோ மருந்து இருக்கலாம் என்று வாசலிலேயே எழுதி வைக்கும் பட்டாசுச் சீமையில் உட்கார்ந்துகொண்டு பாரக் கணக்கு பார்க்காமல் வியாபாரம் செய்வதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

எல்லாப் பழியும் எஸ்எம்பிஎஸ் மேலேதான் என்று சொல்லவில்லை. சாத்தூர்ச் சித்திரை வெயிலில் சூட்டாலும் அணையும். ஆனால் அதற்கு முன்னால் ஃபேன் அலறும், படம் திக்கித் திக்கி ஓடும். கரண்ட்தான் கோளாறு என்றால் டியூப் லைட்டும் சேர்ந்து கண் சிமிட்டும். எங்களுக்கு இரண்டும் இல்லை. இதைக் கேட்டு அறிய ஐந்து நிமிஷம் போதும். அந்த ஐந்து நிமிஷத்துக்கு 500 ரூபாய் கேட்டிருந்தால் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன்.

வேறு கடையில் 650 வாட்ஸ் பெட்டி வாங்கினோம். இதில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பேர் என்று நின்று படித்துப் பார்த்துத்தான் பணம் கொடுத்தேன். ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது. நான்கு மாசமாக ஒரு தடவைகூட அணையவில்லை. பேரனிடம், "நான் அன்னைக்குச் சொன்னது தப்புப்பா" என்றேன். "விடுங்க தாத்தா, கடைக்காரரே கண்டுபிடிக்கல" என்றான்.

காரைக்கால் நான்காம் பகுதியை மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். பேரன் ஒரு பென் டிரைவ் வாங்கிக் கொடுத்திருக்கிறான். ராத்திரி எட்டரைக்கு அவன் வந்து உட்காருவதற்கு முன்னால் அதில் ஒரு பிரதி ஏறிவிடுகிறது.