நம்ம ஊருக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு?

டிஸ்கி: மெக்கானிக் அண்ணன்கள் எல்லாரையும் திட்டும் பதிவு இல்லை இது. ஒரே ஒரு வாக்கியத்தைத் திட்டும் பதிவு.

அந்த வாக்கியம் இதுதான்: "அண்ணே, இது குளிர் நாட்டுக்காரன் வெச்சது. நம்ம சேலம் வெயிலுக்கு இது எதுக்கு? கழட்டிட்டா தண்ணி ஃப்ரீயா ஓடும்."

போன வருஷம் சித்தப்பாவிடம் இப்படிச் சொல்லித்தான் அவர் டாக்ஸியின் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினார்கள். 1.3 லிட்டர் டர்போ டீசல். கூலண்ட்டும் "வேஸ்ட் செலவு" என்று ரேடியேட்டரில் போர் தண்ணி ரொப்பிக் கொடுத்தார்கள். சித்தப்பாவுக்குச் சந்தோஷம், ஆயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம். மே மாசம் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு, ஏசியும் போட்டு, ஏற்காடு ஏறினார். இருபது கொண்டை ஊசி வளைவில் பதினாலோ பதினஞ்சோ தாண்டும்போது பானெட்டிலிருந்து ஆவி. ஹெட் கேஸ்கெட் போய், ஹெட் வளைந்து, லேத்தில் கொடுத்து ஃபேஸ் போட்டு, 46 ஆயிரம். வண்டி 19 நாள் ஷெட்டில். டாக்ஸிக்காரர் வீட்டில் 19 நாள் வண்டி ஓடவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கடை பேர் வேண்டாம். ஏனென்றால் இதே வசனத்தை அதற்கப்புறம் இன்னும் மூன்று கடைகளில் கேட்டுவிட்டேன்!

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? அம்பாசடர் காலத்திலிருந்து. 2014-ல் உற்பத்தி நின்றுபோன அந்த வண்டியின் பழைய 1489 சிசி பெட்ரோல் என்ஜின் தந்தது சுமார் 50 குதிரைசக்தி. பிளாக்கும் வார்ப்பிரும்பு, ஹெட்டும் வார்ப்பிரும்பு. டர்போ கிடையாது. காலையில் சொம்பில் தண்ணீர் ஊற்றினால் சாயங்காலம் வரை ஓடும். அந்த என்ஜினுக்கு எதைச் செய்தாலும் மன்னித்துவிடும். இன்றைக்கு ஹூண்டாயின் 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல், மூன்றே சிலிண்டரில் 120 பிஎஸ் தருகிறது. ஹெட் அலுமினியம். அம்பாசடருக்குப் பார்த்த வைத்தியத்தை இதற்கும் பார்ப்பது, தாத்தாவின் மருந்துச் சீட்டைப் பேரனுக்குக் கொடுப்பது மாதிரி.

சரி, விஷயத்துக்கு வருவோம். கொஞ்சம் கணக்கு வரும், ஓடிவிடாதீர்கள்.

எரிபொருளின் சக்தியில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றப் போகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியே வெளியே போகிறது. மிச்சம் தண்ணீரிலும் காற்றிலும் இறங்குகிறது. டர்போ என்ன செய்கிறது? வெளியே போகிற சூட்டுப் புகையில் ஒரு விசிறியைச் சுற்றவிட்டு, அதே தண்டில் உள்ள இன்னொரு விசிறியால் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டும். அமுக்கினால் காற்று சூடாகும், சைக்கிள் பம்ப்பைத் தொட்டவர்களுக்குத் தெரியும். வெளியே 15 டிகிரி, ஒரு பார் பூஸ்ட், கம்ப்ரசர் திறன் 70 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் காற்று 105 டிகிரிக்குப் போகிறது. அதே கணக்கை 40 டிகிரி வெயிலில் போடுங்கள், கிட்டத்தட்ட 138 டிகிரி! அதைக் குளிரவைக்கத்தான் இன்டர்கூலர். அது பல கார்களில் எங்கே உட்கார்ந்திருக்கிறது? ரேடியேட்டருக்கு முன்னால். கூடவே ஏசி கண்டென்சரும். ஆக, ரேடியேட்டருக்கு வருவதே ரெண்டு பேர் சூடாக்கி அனுப்பிய காற்று.

இனிமேல்தான் முக்கியம். ரேடியேட்டர் எவ்வளவு சூட்டை வெளியே தள்ளும் என்பது தண்ணீருக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. தண்ணீர் 95, காற்று 15 என்றால் வித்தியாசம் 80. மே மாசம் தார் ரோட்டுக்கு மேலே காற்று 45 என்றால் வித்தியாசம் 50. அதே ரேடியேட்டர், அதே ஃபேன், வேலை செய்யும் திறன் எட்டில் ஐந்து பங்கு. மலை ஏறும்போது ரெண்டாவது கியரில் லோடு அதிகம், வேகம் குறைவு, முன்னால் அடிக்கிற காற்றும் குறைவு. அதாவது நம்ம ஊரில் என்ஜினுக்குக் கைவசம் இருக்கிற மிச்சம் ரொம்பக் குறைச்சல். "குளிர் நாட்டுக்குத்தான் இதெல்லாம்" என்பது தலைகீழ். அங்கே தப்புப் பண்ணினால் தாங்க இடம் இருக்கிறது, இங்கே இல்லை.

தெர்மோஸ்டாட்டுக்கு வருகிறேன். அது வெறும் கதவு இல்லை. உள்ளே மெழுகு. 82 முதல் 88 டிகிரிக்குள் உருகி விரிந்து, ரேடியேட்டர் வழியைத் திறக்கும். பல என்ஜின்களில் அதற்கு இன்னொரு தட்டும் உண்டு. மேல் தட்டு திறக்கும்போது கீழ் தட்டு பைபாஸ் வழியை மூடும். பைபாஸ் என்பது ரேடியேட்டருக்குப் போகாமல் என்ஜினுக்குள்ளேயே தண்ணீர் சுற்றும் குறுக்கு வழி. தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் அதை மூட ஆளில்லை. சுடுதண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் முகத்தையே பார்க்காமல் திரும்ப ஹெட்டுக்குள் போகும். ஃப்ரீயா ஓடுதுதான், ஓடிப்போய் ஓடிப்போய் அதே இடத்துக்கு வருகிறது.

இங்கே நம்ம கட்சிக்காரர்களையும் ஒரு வார்த்தை சொல்லணும். "தெர்மோஸ்டாட் இல்லாட்டி தண்ணி வேகமா ஓடும், ரேடியேட்டர்ல ஆற நேரம் கிடைக்காது" என்று எங்கள் கிளாஸிலேயே ஒருத்தன் வாதாடினான். தப்பு மச்சி. வேகமாக ஓடினால் வெப்பப் பரிமாற்றம் கூடும், குறையாது. ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர் எழுதப் போகிறவன் இப்படிப் பேசலாமா :-) குறுக்கு வழிதான் வில்லன்.

பைபாஸ் அப்படி இல்லாத என்ஜினில் கழற்றினால் நிஜமாகவே குளிர்ச்சியாக ஓடலாம். அதுவும் நல்லதில்லை. என்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து ஈசியு டீசலோ பெட்ரோலோ கூடக் கொடுக்கும். மைலேஜ் போகும், எரியாத பெட்ரோல் ஆயிலில் கலக்கும். அந்த ஆயில்தான் டர்போவின் பேரிங்குக்கும் போகிறது.

அடுத்தது தண்ணீர். நேர்மையாக ஒன்றை ஒத்துக்கொள்கிறேன்: சூட்டைச் சுமப்பதில் சுத்தமான தண்ணீரை கூலண்ட் கலவை ஜெயிக்காது. கார் ரேஸ் டிராக்குகள் பலவற்றில் கிளைக்காலுக்குத் தடையே உண்டு, கொட்டினால் ரோடு வழுக்கும் என்பதால். அவர்கள் தண்ணீரில்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் அவர்கள் என்ஜினை அடிக்கடி பிரித்து மேய்கிறவர்கள். சித்தப்பா அப்படியா?

நல்ல மூடியோடு, அதாவது 1.1 பார் அழுத்தத்தில், வெறும் தண்ணீர் சுமார் 120 டிகிரியில் கொதிக்கும். பாதிக்குப் பாதி கலவை 130-ஐ நெருங்கும். அந்தப் பத்து டிகிரிதான் ஏற்காட்டின் கடைசி ஐந்து வளைவு. மூடியின் ரப்பர் தேய்ந்து அழுத்தம் நிற்கவில்லை என்றால் கதை இன்னும் மோசம். 1500 மீட்டர் உயரத்தில் திறந்த தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அப்புறம் போர் தண்ணியின் உப்பு. வீட்டில் ஹீட்டர் ராடில் வெள்ளையாகப் படியுமே, அதேதான் ஹெட்டுக்குள் சந்துகளிலும் ரேடியேட்டர் குழாய்களிலும் படிகிறது. சித்தப்பா வண்டியின் ரேடியேட்டரை அறுத்துக் காட்டினார்கள். பாதிக் குழாயில் குச்சி நுழையவில்லை. கூலண்ட்டில் துரு தடுக்கும் மருந்து இருக்கிறது, போர் தண்ணியில் அலுமினியத்தை அரிக்கிற சரக்கு இருக்கிறது. டப்பாவில் "ஆன்டிஃப்ரீஸ்" என்று பேர் வைத்தவனைத்தான் முதலில் உதைக்கணும். அந்த ஒரு வார்த்தையால் நம்ம ஊரில் எத்தனை ஹெட் வளைந்ததோ.

"முள்ளு நடுவுலதானே இருந்துச்சு?" என்று சித்தப்பா இன்னும் கேட்கிறார். இன்றைய கார்களில் பலவற்றின் முள் ஒரு நாடகம். தண்ணீர் எண்பதில் இருந்தாலும் நூறைத் தாண்டினாலும் ஓட்டுநர் பயப்படக் கூடாதென்று அதை நடுவிலேயே நிறுத்தி வைக்கிறார்கள். அது நகரும்போது காரியம் முக்கால்வாசி முடிந்திருக்கும். தண்ணீரே வற்றிவிட்டால் சென்ஸர் ஆவியில் நின்றுகொண்டு குறைவாகக்கூடக் காட்டும்.

மலையில் சூடு ஏறுகிற மாதிரித் தெரிந்தால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுசாகத் திறந்துவிடுங்கள். கால் வேகும், ஆனா அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர். ஆவி வருகிறதென்றால் ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள், அரை மணி நேரத்துக்கு மூடியைத் தொடாதீர்கள். ஆவி இல்லாமல் நன்றாக ஓடி வந்த வண்டியென்றால் நேர் எதிர்: ஒரு நிமிஷம் ஐடிலில் விட்டு அணையுங்கள், டர்போவுக்குள் ஆயில் கருகாமல் இருக்கும்.

உங்கள் வண்டியில் ஏற்கெனவே கழற்றிவிட்டார்கள் என்றால், கழற்றியதைக் கேட்டு வாங்குங்கள். அதன் மேலேயே 82, 88 என்று டிகிரி பொறித்திருக்கும். ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டர் வைத்துக் கொதிக்க விடுங்கள். அந்த எண் வரும்போது தட்டு மெதுவாக எழும்பும். சித்தப்பா வண்டியிலிருந்து கழற்றியதை டேஷ்போர்டு டிராயரில் போட்டு வைத்திருந்தார்கள். ஹாஸ்டல் கெட்டிலில் போட்டுப் பார்த்தேன், ஒழுங்காகத் திறந்தது.