பாசறைக்குச் செல்லும் பிள்ளையின் மூட்டை

மட்டக்களப்புப் பகுதியைச் சேர்ந்த தாயார் ஒருவர் சென்ற வாரம் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அவருடைய மகனுக்கு வயது பன்னிரண்டு. பாடசாலைச் சாரணர் குழுவிற் சேர்ந்து ஓராண்டாகிறது. வருகின்ற ஆகஸ்ட் விடுமுறையில் நுவரெலியாவில் நான்கு நாட் பாசறை. கொண்டுவர வேண்டியவை என்று இருபத்தாறு சாமான்கள் அடங்கிய பட்டியல் ஒன்று பிள்ளையின் கையிற் கொடுக்கப்பட்டிருக்கிறது. தாயார் அதனை எடுத்துக்கொண்டு கடைக்குச் சென்றார். நித்திரைப் பை ஒன்றின் விலையைக் கேட்டதும் வேறெதையும் விசாரியாமலே திரும்பிவிட்டார். அன்றிரவு பிள்ளை தானாகவே, "அம்மா, எனக்குப் போக விருப்பமில்லை; அங்கே ஒரே குளிராம்" என்று சொன்னானாம். "விருப்பம் இல்லாமல் அவன் சொல்லவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறான். எவற்றை வாங்கினாற் போதும் என்று எழுதுங்கள்" எனக் கடிதத்தை முடித்திருக்கிறார்.

இதனை வாசித்தபோது பழைய நினைவொன்று என் நெஞ்சை உறுத்தியது. நான் இளம் ஆசிரியனாக இருந்த காலத்தில், சாரண ஆசிரியன் என்ற பெருமையோடு, இப்படியொரு நீண்ட பட்டியலைக் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளைப் பார்த்தெழுதச் செய்தேன். என் குழுவிலே முடிச்சுப் போடுவதிலும் தீ மூட்டுவதிலும் முதல்வனாக விளங்கிய மாணவன் ஒருவன், புறப்படுகின்ற நாளன்று வரவில்லை. வயிற்றுவலி என்று சொல்லியனுப்பினான். நானும் நம்பிவிட்டேன். அடுத்த பாசறைக்கும் அவன் வரவில்லை. பின்னர் குழுவிலிருந்தே நின்றுவிட்டான். அவன் வீட்டில் ஒரு கம்பளிதான் உண்டு என்பதும், அது நோயாளியான பாட்டியாரின் போர்வை என்பதும் பல மாதங்களுக்குப் பின்னரே எனக்குத் தெரியவந்தன. பாசறையின் கதவை அவனுக்கு அடைத்தது வறுமையன்று. நான் எழுதிய பட்டியலே.

சாரணர் இயக்கத்தின் தொடக்கத்தை எண்ணிப் பார்ப்பவர்களுக்கு இதன் பொருத்தமின்மை நன்கு விளங்கும். பேடன் பவல் 1907ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இங்கிலாந்தின் பிரவுண்சீத் தீவில் நடத்திய முதற் பாசறையிலே, செல்வர் பயிலும் பெரிய பாடசாலைகளின் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் வேண்டுமென்றே ஒன்றாகக் கலந்து அணிகளாகப் பிரிக்கப்பட்டனர். நம் நாட்டில் 1912ஆம் ஆண்டில் மாத்தளையில் வேரூன்றிய இயக்கமும் அதே விதையிலிருந்து முளைத்ததுதான். கையிலுள்ளதைக் கொண்டு சமாளிக்கப் பழக்குவதே பாசறையின் நோக்கம். கடையிலுள்ளதையெல்லாம் முதுகிற் சுமத்தி அனுப்பினால் அந்நோக்கம் நிறைவேறுமா?

நிற்க. குறைந்த செலவு என்பதற்காகப் பிள்ளையைக் குளிரிலும் மழையிலும் வாட விடுவதும் தகாது. ஆகவே எது இன்றியமையாதது, எதனை வீட்டிலிருந்தே எடுக்கலாம், எதனை வாங்கவே வேண்டாம் என்று பகுத்துப் பார்ப்போம்.

முதலிற் கவனிக்க வேண்டியது இடமும் காலமும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஒவ்வோர் 1,000 மீற்றர் ஏறும்போதும் வெப்பம் ஏறக்குறைய 6 பாகை குறையும். எனவே கரையோரத்தைவிட அங்கு 12 பாகை வரையிற் குளிர் மிகுதி. கிழக்கிலே கச்சான் காற்றில் நிலம் வெடித்துக் கிடக்கும் ஆகஸ்ட் மாதத்தில், மலைநாட்டில் தென்மேற் பருவக் காற்றின் தூறல் ஓயாது. சகோதரி, உங்கள் முற்றத்தை வைத்து மகனின் பாசறையை மதிப்பிட வேண்டாம். அங்கே அவனுக்குப் பகை குளிர் மாத்திரமன்று; ஈரமும் குளிரும் சேர்ந்து வருவதே.

இதனாலேதான் முதலாவது செலவு நல்ல மழைச்சட்டை என்கிறேன். முழங்கால்வரை நீண்டதாகவும், தலையை மூடும் தொப்பி உடையதாகவும், தையல்களின் வழியே நீர் கசியாததாகவும் இருக்க வேண்டும். வாங்குவதற்கு முன் ஒரு கைப்பகுதியைக் கிண்ணம்போற் குழித்து, அதில் நீர் விட்டுப் பார்க்கலாம். அடியில் விரல் நனைந்தால் வேறு கடைக்குச் செல்லுங்கள். குடை பாசறைக்கு உதவாது. காற்று அதனைத் திருப்பிவிடும். ஒரு கையையும் பறித்துக்கொள்ளும்.

இரண்டாவது செலவு கைவிளக்கு. இருளில் ஓர் அடியேனும் வெளிச்சமின்றி எடுத்து வைக்கக் கூடாதென்பது பாசறையின் முதற் சட்டமாக இருக்க வேண்டும். மலைநாட்டில் வழுக்கு, வறண்ட நாட்டிற் பாம்பு. நெற்றியிற் கட்டும் விளக்காயின் இரு கைகளும் ஓய்வாக இருக்கும். மாற்று மின்கலங்கள் வேண்டும். பையினுள் விளக்கு தானாக எரிந்து தீராதிருக்க, பயணத்தின்போது ஒரு மின்கலத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுவைப்பது பழைய சாரணர் வழக்கம்.

இவ்விரண்டுக்கும் அப்பால் கடைக்குப் போக வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. உங்களைக் கலங்க வைத்த நித்திரைப் பையையே எடுத்துக்கொள்வோம். மலிவான பைகளிற் பல, உள்ளிருக்கும் பஞ்சு நனைந்தவுடன் பயனற்றுப் போகின்றன. அதற்குப் பதிலாக இரண்டு கம்பளிகள் போதும். ஒன்றை விரித்து, மற்றதன் பாதி அதன்மேற் படியும்படி வைத்து, இரண்டையும் மாறிமாறி மடித்து, அடிப்பகுதியையும் உட்புறமாக மடக்கி, பெரிய சட்டைப்பின்கள் ஐந்தாறினாற் குத்திவிட்டால் பிள்ளை உள்ளே நுழைந்து படுக்கத்தக்க பை தயார். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூட்டைத் தாங்கும். பருத்தித் துணிக்கு அக்குணம் இல்லை.

ஆனால் மேலே போர்ப்பதைக் காட்டிலும் கீழே விரிப்பதே முக்கியம் என்பதைப் பலர் அறியார். குளிர்ந்த நிலம் இரவு முழுவதும் உடம்பின் சூட்டை உறிஞ்சும். உடற் பாரத்தினால் நசுங்கிய போர்வை அதனைத் தடுக்க மாட்டாது. ஆதலால் நிலத்தில் முதலிற் படங்குத் துண்டோ தடித்த பொலித்தீனோ விரிக்க வேண்டும். அதன்மேல் ஒரு சாக்கும், பத்துப் பன்னிரண்டு மடிப்புப் பத்திரிகைத் தாள்களும், அவற்றின்மேற் பாயும், பாயின்மேற் கம்பளியும் வர வேண்டும். ஞாயிறு தோறும் நாம் எழுதுவன வாசகர் உள்ளத்துக்குச் சூடு ஊட்டுகின்றனவோ இல்லையோ, அத்தாள்கள் ஒரு பிள்ளையின் முதுகுக்குச் சூடு ஊட்டும் என்பது உறுதி.

உடைகளிற் சிக்கனமே சிறந்தது. சீருடையைத் தவிரப் பகலில் மாற்றி உடுக்க இரண்டு சோடி போதும். இவற்றோடு, நித்திரைக்கென்று மாத்திரம் ஒரு சோடி உலர்ந்த உடை வேண்டும். நீண்ட காற்சட்டை, முழுக்கைச் சட்டை, கம்பளிச் சட்டை, தடித்த காலுறை, காதை மூடும் தொப்பி ஆகிய இவற்றைப் பொலித்தீன் பையில் இட்டு இறுகக் கட்டி, "பகலில் எவ்வளவு நனைந்தாலும் இதனைத் தொடக் கூடாது" என்று மகனிடம் வாக்குறுதி வாங்கிக்கொள்ளுங்கள். கம்பளிச் சட்டை இல்லையே என்று வருந்த வேண்டாம். மலைநாட்டில் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய ஒருவரேனும் இல்லாத ஊர் நம்மிடையே அரிது. அவர் பெட்டிக்குள் அந்துருண்டை வாசனையோடு உறங்கும் சட்டையை நான்கு நாட்களுக்கு இரவல் கேட்பதில் இழுக்கொன்றும் இல்லை.

சப்பாத்து புதிதாக இருத்தலே கூடாது. பாசறைக்கென வாங்கிய புதுச் சப்பாத்து முதல் நாள் மாலையிலேயே குதிக்காலைக் கொப்புளிக்கச் செய்துவிடும். காலுக்குப் பழகிய, அடி தேயாத பழைய சப்பாத்தே மேல். நனைந்தால் உள்ளே கடதாசியைத் திணித்து நிழலில் வையுங்கள் என்று சொல்லிக் கொடுங்கள். நெருப்பருகே வைத்தால் தோல் வெடிக்கும், றப்பர் கழன்றுவிடும். ஈரக் காடுகளில் அட்டைத் தொல்லை உண்டு. நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால்வரை தைத்த உறை ஒன்றைச் சப்பாத்தினுள் அணிந்தால் அவை உட்புக மாட்டா. கடித்த அட்டையை நெருப்பினாற் சுடுதல் வேண்டாம். நகத்தினால் அதன் வாயருகே மெல்லத் தள்ளி எடுத்துவிட்டு, காயத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவினாற் போதும்.

பாசறை வன்னியிலோ கிழக்கிலோ நடைபெறுவதாயின் கம்பளியின் இடத்தை நுளம்பு வலை எடுத்துக்கொள்கிறது. மலேரியா ஒழிந்த நாடென்று உலகச் சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டில் இலங்கைக்குச் சான்றளித்தது உண்மையே. எனினும் டெங்கு நம்மை விட்டபாடில்லை. அதனைப் பரப்பும் நுளம்பு பகலிலே கடிப்பது. ஆகவே பகலில் முழுக்கைச் சட்டையும் அவசியம். வலைக்கு வேறொரு பயனும் உண்டு. வறண்ட நாட்டிற் கட்டுவிரியன் இரவிலே நடமாடி, தரையிற் படுத்து உறங்குவோரைக் கடிக்கும் இயல்புடையது. கடிபட்டவருக்குப் பல வேளைகளில் நோவும் தெரியாது. வலையின் ஓரங்களைப் பாயின் கீழ் நன்றாகச் செருகிவிட்டால் அதற்கும் அது வேலியாகும்.

சில்லறைப் பொருள்களை ஒரே மூச்சிற் சொல்லிவிடலாம்: உடையாத தட்டு ஒன்று, பேணி ஒன்று, கரண்டி, ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல், துவாய், சவர்க்காரம், பற்தூரிகை, ஊசியும் நூலும், பத்து முழக் கயிறு, மூடியுள்ள சிறு போத்தலில் அடைத்த நெருப்புப்பெட்டி. பிள்ளை ஒழுங்காக மருந்து உட்கொள்பவனாயின் அதனைப் பெயரெழுதி ஆசிரியர் கையிலேயே ஒப்படையுங்கள்.

கூடாரம், சமையற் பாத்திரங்கள், கோடரி, முதலுதவிப் பெட்டி ஆகியவை குழுவின் பொதுச் சொத்தாக இருக்க வேண்டியவை. எந்தப் பெற்றோரும் தனியே வாங்கத் தேவையில்லை. இவற்றை வாங்கும் பொறுப்புடையோருக்கு இரண்டொரு வார்த்தை. ஒற்றைத் துணிக் கூடாரத்தில் உறங்குவோரின் மூச்சே நீர்த்துளியாகி மேலே விழும். வெளிவிரிப்பு வேறாக உள்ள இரட்டைக் கூடாரமே நமது மழைக்கு ஏற்றது. பருத்திக் கயிறும் சணற் கயிறும் நனைந்தாற் சுருங்கி முளைகளைப் பிடுங்கும். படுக்குமுன் அவற்றைச் சிறிது தளர்த்த வேண்டும். நைலோன் கயிறோ நனைந்தால் நீளும். அதனை இறுக்க வேண்டும். பானையின் வெளிப்புறத்தில் அடுப்பேற்றுமுன் சவர்க்காரம் பூசிவைத்தாற் கரி எளிதிற் கழுவப்படும். எவ்வளவு குளிராயினும் அடுப்பையோ தணலையோ கூடாரத்தினுள் கொண்டு செல்ல விடாதீர்கள். மணமும் நிறமுமற்ற நச்சுவாயு உறங்குகின்றவர்களை எழுப்பாமலே கொன்றுவிடும்.

இறுதியாக மூட்டையின் பாரம். பிள்ளையின் எடையில் ஐந்திலொரு பங்கிற்கு மேற் போதல் கூடாது. முப்பத்தைந்து கிலோ எடையுள்ள சிறுவனுக்கு ஏழு கிலோ. அதில் ஒரு கிலோ தண்ணீருக்கே போய்விடும். படுக்கை அடியிலும், பாரமானவை முதுகோடு ஒட்டியும், மழைச்சட்டை எல்லாவற்றுக்கும் மேலேயும் இருக்கட்டும். பாடசாலைப் பை பெரிதாயின் அதுவே போதும். உள்ளே ஒரு பெரிய பொலித்தீன் பையை விரித்து, அதற்குள் சாமான்களை அடுக்கினால் எந்த மழைக்கும் அஞ்ச வேண்டியதில்லை. மூட்டையை மகனே கட்டட்டும். நீங்கள் கட்டினால் இருட்டில் எது எங்கே என்று அவனுக்குத் தெரியாது. புறப்படுவதற்கு முந்திய வாரத்தில் ஒரு நாள் அதனைச் சுமந்து சந்தைவரை போய்வரச் சொல்லுங்கள். வேண்டாதவற்றை அவனுடைய தோளே சொல்லிவிடும்.

சாரண ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். பட்டியலை மூன்றாகப் பிரித்தெழுதுங்கள்: கட்டாயம் வேண்டுபவை, இருந்தாற் கொண்டுவரக்கூடியவை, குழுவே கொடுப்பவை. முதலாவது பத்துக்கு மேற்படாதிருக்கட்டும். குழுவின் பெட்டியில் நாலைந்து கம்பளிகளையும் இரண்டு மழைச்சட்டைகளையும் சேர்த்து வையுங்கள். யாருக்கு இல்லை என்று வகுப்பின் நடுவே கேளாதீர்கள். கை தூக்கத் துணியாத பிள்ளை வயிற்றுவலி என்று வீட்டில் நின்றுவிடுவான். அவ்வாறு நின்றவனை நான் திரும்பப் பெறவில்லை.

சகோதரி, உங்கள் பட்டியலின் இருபத்தாறில் வாங்க வேண்டியவை இரண்டே. அவற்றையும் ஆசிரியரிடம் தனியே பேசினால் இரவலாகப் பெற வழியிருக்கலாம். மகனிடம், போக விருப்பமா என்று மறுபடியும் கேளாதீர்கள். அவன் முன்னர் சொன்ன பதிலையே சொல்வான். இன்று மாலை இரண்டு கம்பளிகளை வெயிலிற் காயப்போட்டு, ஆறு சட்டைப்பின்களை அவன் கையிற் கொடுத்து, பை கட்டிப் பழகச் சொல்லுங்கள். போகலாம் என்பதை அவன் அதிலிருந்தே அறிந்துகொள்வான்.