மலைநாட்டுப் பள்ளிகளும் ஈதர்நெட் சில்லும்

இடுக்கி மாவட்டத்துச் சித்திரபுரம், 1940-ஆம் ஆண்டில் மின் உற்பத்தியைத் தொடங்கிய பள்ளிவாசல் நீர்மின் நிலையத்தை அடுத்துள்ள ஊராகும். மின்சாரத்தைப் போலவே ஒளியிழையும் இம்மலைப்பகுதிக்கு முந்தி வந்தது. கிராம ஊராட்சிகளை இணைக்கும் தேசிய ஒளியிழைத் திட்டத்தில், 2015-ஆம் ஆண்டில் நாட்டிலேயே முதலாவதாக இணைக்கப்பெற்ற மாவட்டம் இடுக்கியே. ஆயினும் ஒளியிழை பெரும்பாலும் கட்டடத்தின் வாயிலோடு நின்றுவிடுகிறது. அதற்கப்பால் கணினிவரை செல்வது செப்புக் கம்பி. அக்கம்பியின் இரு முனைகளிலும் அமர்ந்திருப்பது ஈதர்நெட் பரிமாற்றிச் சில்லு. நமது பயிற்சி வகுப்புகளில் இதற்கு உரிய இடம் தரப்படவில்லை என்பது என் கருத்து.

கணினி அறிந்தது ஒன்றும் சுழியுமே. கம்பி அறிந்ததோ மின்னழுத்த ஏற்ற இறக்கம். இவ்விரண்டிற்கும் இடையே மொழிபெயர்ப்பாளனாக நிற்பது இச்சில்லு. 100 மெகாபிட் வேகத்திற்கு இரண்டு கம்பி இணைகள் போதும். கிகாபிட் வேகத்திலோ நான்கு இணைகளும் ஒரே சமயத்தில் இரு திசைகளிலும் செய்தியைச் சுமக்கின்றன. தான் அனுப்பிய குறிகளின் எதிரொலியைக் கழித்துவிட்டு, எதிர்முனையிலிருந்து வந்த மெலிந்த குறிகளை மட்டும் சில்லு பிரித்தறிகிறது. தன் குரலுக்கிடையே பிறர் முணுமுணுப்பைக் கேட்பது போன்ற அருஞ்செயல் இது. நான்கில் ஓர் இணை அறுந்தால் கிகாபிட் இணைப்பு நிற்காது. வேகம் திடீரெனக் குறைந்த பள்ளிகளில் முதலில் ஐயுற வேண்டியது கம்பி நுனியையே.

இனி இடியைப் பற்றி. கேரளத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இடி மின்னல் மிகுதி. சில்லோ ஏறத்தாழ 3 வோல்ட்டில் இயங்குவது. அதனைக் காக்கும் சிறு மின்மாற்றி 1500 வோல்ட் அளவுக்குச் சோதிக்கப்படுவது. மின்னல் விழும்போது, அருகருகேயுள்ள இரு கட்டடங்களின் தரையழுத்தங்களுக்கிடையே இதனினும் பன்மடங்கு வேறுபாடு தோன்றக்கூடும். அவற்றை இணைக்கும் செப்புக் கம்பி அவ்வேறுபாட்டைச் சில்லின்மீதே கொண்டு சேர்க்கும். ஆகவே வகுப்பறைக் கட்டடத்திலிருந்து ஆய்வுக்கூடத்திற்கு மரங்களின்மேல் செப்புக் கம்பியை இழுத்துக் கட்டும் வழக்கத்தை நான் வன்மையாக மறுக்கிறேன். கட்டடங்களுக்கிடையே ஒளியிழையே வேண்டும். அது மின்சாரத்தைக் கடத்தாது. தொடக்கச் செலவு கூடும் என்பர். ஒரே மழைநாளில் பல கருவிகளின் வாய்கள் பழுதாகும் செலவை அவர்கள் கணக்கிட்டதாகத் தெரியவில்லை. செப்புக் கம்பிக்கு 100 மீட்டர் என்ற எல்லையுண்டு என்பதும் மலைச்சரிவுகளில் மறக்கப்படுகிறது.

சில்லு பழுதானாலும் கணினி மடிந்ததாகாது. இணைப்பு விளக்கு எரியவில்லையெனில், வேறு கம்பியையும் இணைப்புப் பெட்டியின் வேறொரு வாயையும் மாற்றிப் பார்க்கவேண்டும். அப்பொழுதும் எரியாவிடில் யுஎஸ்பி வாயில் செருகும் ஈதர்நெட் இணைப்பியைப் பொருத்தினால் பெரும்பாலும் போதும். அதற்குள்ளும் இத்தகைய சில்லு ஒன்றே உள்ளது. இச்சோதனைகளைச் செய்யாமல் எந்தக் கணினியையும் கழிவுப் பட்டியலில் சேர்க்கலாகாதென மாவட்ட அலுவலகங்கள் விதிக்கவேண்டும்.