காய்ச்சல்காரங்க சிரிக்கக் கூடாதா?

வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்று பெரியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் வீட்டில் காய்ச்சலோடு படுத்திருக்கிற பிள்ளை டிவியைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தால் அதே பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள்? "சிரிக்கத் தெம்பு இருக்குல்ல, எந்திரிச்சுப் பாத்திரத்தக் கழுவு" என்கிறார்கள். பெண் பிள்ளை என்றால் "பொம்பளப் பிள்ளைக்கு என்ன கெக்கெக்கேன்னு சிரிப்பு" என்று கூட ஒன்று விழும். அதாவது முனகினால்தான் நோயாளி. சிரித்துவிட்டால் நடிப்பு. இது என்ன நியாயம் தோழிகளே?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பெரிய வியாதிகளைப் பற்றிப் பேசவில்லை. சளி, தலைவலி, உடம்பு வலி, நாலு நாள் படுக்க வைத்துவிட்டுப் போகிற காய்ச்சல், இவ்வளவுதான். விடாமல் காய்ச்சல் அடித்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும், நாகேஷிடம் ஓடக் கூடாது. டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான் ஆபத்தே ஆரம்பிக்கும் என்று எங்கள் அறிவியல் டீச்சர் சொல்லியிருக்கிறார்கள்.

சரி, ஏன் பழைய காமெடி? புதுப்படம் பார்த்தால் என்ன? அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. புதுப்படம் பார்க்க மூளை வேலை செய்ய வேண்டும். யார் யாருக்கு அண்ணன், யார் வில்லன் என்று ஞாபகம் வைக்க வேண்டும். காய்ச்சல் தலைக்கு அது முடியாது. 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழ காமெடி என்றால் செந்தில் என்ன சொல்வார், கவுண்டமணி எப்போது அடிக்கப் போவார் என்று நம்ம ஊர் கைப்பிள்ளைக்குக் கூடத் தெரியும். பாதியில் தூங்கிப் போனாலும் நஷ்டம் இல்லை. முழித்துப் பார்த்தால் வேறு ஒரு தெரிந்த காமெடி ஓடும். கஞ்சி மாதிரிதான் இதுவும். புதுசாக ஒன்றும் இல்லை, ஆனால் இறங்கும்.

போன பங்குனியில் எனக்கு அம்மை போட்டது. வீட்டு நிலையில் வேப்பிலை செருகினார்கள். பொக்குளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை மற்றவர்களுக்கு ஒட்டும் என்பதால் பள்ளிக்கூடமும் கிடையாது, கூட்டாளிகளும் கிடையாது. காய்ச்சலைக் கூடத் தாங்கிவிடலாம். அரிப்பைத் தாங்க முடியாது! சொறிந்தால் தழும்பாகிவிடும் என்று அப்பத்தா பக்கத்திலேயே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டது. அதுக்குப் பிடித்தது நாகேஷ் என்பதால் எனக்கும் நாகேஷ்தான். 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் பாலையாவுக்கு அவர் பேய்ப்படக் கதை சொல்கிற இடம் வந்தபோது, அது முடியும் வரை நான் ஒரு தடவை கூடச் சொறியவில்லை. இது மருந்தா என்று கேட்டால் மருந்து இல்லைதான். ஆனால் கையைக் கட்டிப்போட்டது.

அப்போதுதான் அப்பத்தா ஒன்று சொன்னது. "அந்த மனுசன் மூஞ்சியப் பாரு, அவருக்கும் அம்மத் தழும்புதான்." உற்றுப் பார்த்தேன், உண்மைதான். நாகேஷுக்கு வந்தது பெரியம்மை. உலகத்திலேயே பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று 1980ல் அறிவித்துவிட்டார்கள், அதனால் நமக்கு அது வராது. நமக்கு வருவது சின்னம்மை. அந்தத் தழும்பு முகத்தோடுதான் அவர் 'சர்வர் சுந்தரம்' (1964) படத்தில் கதாநாயகனாகவே நடித்தார், 'திருவிளையாடல்' (1965) தருமியாகப் புலம்பினார். கண்ணாடி பார்க்கவே பயந்து கிடந்த அந்த வாரத்தில், எந்த டானிக்கும் எனக்கு இவ்வளவு தைரியம் கொடுக்கவில்லை.

ஆனால் எல்லா காமெடியும் நோயாளிக்கு ஆகாது, இதையும் சொல்ல வேண்டும். கறுப்பு நிறம், குண்டு உடம்பு, வழுக்கை, திக்குவாய் என்று ஆளைக் கேலி பண்ணுகிற காமெடிகள் நிறைய இருக்கின்றன. நன்றாக இருக்கும்போது நானும் சிரித்துவிடுவேன். முகம் பூராவும் பொருக்காக இருந்தபோது அது ஒன்று வந்தது. "மாத்துங்கத்தா" என்றேன். அப்புறம் இருமல்காரர்களுக்கு வடிவேலுவைப் போட்டுவிடாதீர்கள். சிரிப்பு இருமலாகி, இருமல் வாந்தியில் போய் நிற்கும்.

அமெரிக்காவில் நார்மன் கசின்ஸ் என்று ஒரு பத்திரிகை ஆசிரியர் இருந்தார். 1964ல் அவருக்கு மூட்டு எல்லாம் இறுகிப் போகிற கடுமையான வியாதி வந்தது. படுக்கையில் கிடந்துகொண்டே பழைய சிரிப்புப் படங்களைப் போட்டுப் பார்த்தாராம். பத்து நிமிடம் நன்றாகச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலி இல்லாமல் தூங்க முடிந்தது என்று 1979ல் புத்தகமே எழுதினார். அவர் வைட்டமின் சி மருந்தும் எடுத்துக்கொண்டார், அதனால் சிரிப்புதான் குணமாக்கியது என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் அந்த இரண்டு மணி நேரத் தூக்கம் பொய் இல்லை. 2006ல் நம் பக்கமெல்லாம் சிக்குன்குனியா வந்தபோது அப்பத்தாவுக்கும் முட்டி பிடித்துக்கொண்டதாம். மழைக்காலம் வந்தால் இன்னும் வலிக்கிறது என்கிறது. அதற்கும் டிவிதான் துணை.

பிள்ளைகளுக்காவது படுக்க நாலு நாள் கிடைக்கிறது. நம் அம்மாமார்களுக்கு? எங்கள் அம்மா நூல் மில்லுக்குப் போகிறார்கள். காய்ச்சல் என்றால் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். லீவு போட்டால் சம்பளம் போய்விடும். வீட்டில் இருந்தாலும் அடுப்படியில்தான் இருப்பார்கள். டிவி சத்தம் மட்டும்தான் அவர்கள் காதுக்குப் போகும்.

போன மாதம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத அன்று நானும் தம்பியும் சோறு வடித்து, பாத்திரத்தையும் கழுவி வைத்துவிட்டு, அம்மாவைப் பாயில் படுக்க வைத்தோம். (தம்பிதான் பாத்திரம் கழுவினான். பையன்களும் கழுவலாம், கை தேயாது!) ரிமோட்டை அம்மா கையிலேயே கொடுத்தோம். 'ப்ரண்ட்ஸ்' (2001) படத்து நேசமணி காமெடி ஓடியது. 2019ல் உலகம் பூராவும் ட்விட்டரில் பேசப்பட்டாரே, அதே நேசமணி. அம்மா இரண்டு தடவை சிரித்தார்கள். வடிவேலு தலையில் சுத்தியல் விழுவதற்கு முன்னாலேயே தூங்கிவிட்டார்கள். சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு மீதியை நாங்கள் பார்த்தோம்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி, பாளையம்பட்டி