சேணத்துக்கு முந்திய வேலை

மராட்டியர் காலத்து ராணுவ அமைப்புகள் என்ற பெயரில் பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, அவற்றுள் தமிழ்நாட்டுக்குரிய ஒரே கோட்டையாகச் செஞ்சி இடம்பெற்றது. அதனால் அங்குள்ள ராஜகிரி மலையின் படிகளை நாடி வருவோரின் தொகை இனிப் பெருகும் என்பதில் சந்தேகமில்லை. பட்டியலில் இடம் வாங்கித் தந்தது மராட்டியர் சம்பந்தமாயினும், சிவாஜி 1677-இல் இக்கோட்டையைக் கைப்பற்றியதையோ, மொகலாயர் 1690 முதல் 1698 வரை இதை முற்றுகையிட்டுச் சலித்ததையோ விசாரிப்பவர் சிலரே. மற்றவர்கள் கேட்பதெல்லாம் செஞ்சியை ஆண்ட ராஜா தேசிங்கையும் அவன் குதிரையையும் பற்றித்தான்.

ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு 1714-இல் பொருது மாண்ட அந்த இளைஞனிடம் எனக்கும் மரியாதை உண்டு. ஆயினும், எவராலும் ஏற முடியாத டில்லி பாதுஷாவின் முரட்டுக் குதிரைமீது, சிறைப்பட்ட தந்தையை மீட்கும் பொருட்டு, அவன் பாய்ந்தேறி அதை அடக்கினான் என்று கதைப்பாட்டு பாடியதும், 1960-இல் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த திரைப்படம் அந்தப் புகழை இன்னும் பரப்பியதும் சேர்ந்து, குதிரையேற்றம் என்பது தைரியத்தின் பரீட்சை, அடங்காப் பிராணியை ஆண்மையால் வெல்வதே அதன் சாரம் என்னும் அபிப்பிராயத்தை நம்மிடையே வேரூன்றச் செய்துவிட்டன. குதிரை பழக்குவதையே ஜீவனமாகக் கொண்டவரிடம் இக்கதையைச் சொன்னால், தேசிங்கைப் புகழுமுன் அவர் கேட்கக்கூடிய கேள்வி வேறு: அந்தக் குதிரையை முதலில் கெடுத்தது யார்?

ஏனெனில் ஏற முடியாத குதிரை பெரும்பாலும் பிறப்பதில்லை. அவசரப்பட்ட மனிதர்களால் உண்டாக்கப்படுகிறது. நல்ல பயிற்சியில் சவாரி என்பது கடைசி அத்தியாயம். குட்டி தாயோடு திரியும் பருவத்திலேயே மனிதக் கை அதன் கழுத்திலும் முதுகிலும் வயிற்றிலும் படவேண்டும். லாடம் அடிப்பவனிடம் பிற்காலத்தில் முரண்டு பண்ணாதிருக்க, நாலு கால்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் குளம்பைத் தட்டிப் பழக்கவேண்டும். பிறகு முகக்கயிறு பூட்டி, இழுபறியில்லாமல் ஆளோடு ஒத்து நடக்கவும், சொன்ன இடத்தில் நிற்கவும், மார்பில் விரல் வைத்தால் பின்வாங்கவும் கற்பிப்பார்கள். அதன்பின் நீண்ட கயிற்றின் முனையில் வட்டமாக நடத்துவது வருகிறது: பழக்குகிறவர் நடுவில் நிற்க, இளங்குதிரை அவர் குரலுக்கேற்ப நடையும் துள்ளுநடையும் மாற்றிச் சுற்றுகிறது. சிறிது நேரத்தில் அவர் பக்கத்துக் காது மட்டும் அவரை நோக்கித் திரும்பும், விறைத்திருந்த கழுத்து தாழும், வாய் எதையோ மெல்லுவதுபோல் அசையும். அனுபவசாலி அந்தக் கணத்தில் வேலையை நிறுத்தி ஓய்வு கொடுப்பார், மற்றவன் இன்னும் இரண்டு சுற்று ஓட்டிப் பார்ப்பான். கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்த பிராணியாதலால், இடப்புறம் கற்றதை வலப்புறமும் புதிதாகவே கற்பிக்க நேர்வது உண்டு.

சேணத்தையும் திடீரென்று முதுகில் போடுவதில்லை. விரிப்பை மூக்கருகே நீட்டி மோப்பம் பிடிக்க விட்டு, தோளில் தேய்த்து, பின்பு முதுகில் வைத்து எடுத்து, வயிற்றுவாரை ஒவ்வொரு துளையாக இறுக்குவார்கள். கடிவாளம் பழகியதும் இரண்டு நீண்ட வார்களைப் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்தே ஆள் நடந்து, ஏறாமலே திருப்பவும் நிறுத்தவும் கற்பிக்கிறார். இவ்வளவும் ஆனபின், ஒருநாள் ஒருவர் முதுகின் குறுக்கே வயிறு படியச் சாய்ந்து பாரத்தை உணர்த்தி இறங்குகிறார். குதிரை அதைப் பொருட்படுத்தவில்லையென்றால்தான் காலை மறுபுறம் போட்டு உட்காருவது. முதற் சவாரிகள் சில நிமிஷங்களுக்கு மேற்படா. முறையாகப் பழக்கப்பட்ட குதிரைமீது முதன்முதலாக ஏறுகிற காட்சி, வேடிக்கை பார்க்க வந்தவனுக்குச் சப்பென்றிருக்கும்.

இது இன்று நேற்று வந்த ஞானமல்ல. கிறிஸ்துவுக்கு நான்கு நூற்றாண்டுகள் முன் வாழ்ந்த கிரேக்கன் செனபோன் எழுதிய அசுவ நூல், குட்டியைப் பழக்குகிறவனிடம் அனுப்புமுன்பே அது மனிதரை நேசிக்கும்படி வீட்டில் சாந்தமாக வளர்க்கப்பட வேண்டுமென்று விதிக்கிறது. அலெக்சாந்தர் பூசிபலஸ் என்னும் குதிரையை வசப்படுத்திய வரலாறும் தேசிங்கின் கதைக்கு இனமானதுதான். ஆனால் அது தன் நிழலுக்கே மிரளுகிறதென்று கண்டு சூரியனை நோக்கித் திருப்பினான் என்று புளூட்டார்க் சொல்லும்போது, புகழ் புஜபலத்துக்குப் போகாமல் கண்ணுக்குப் போகிறது. நம்மிடமும் நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரம் தஞ்சைச் சரஸ்வதி மகாலில் இருக்கிறது.

சாஸ்திரம் இருந்தும் பராமரிப்பு இல்லையென்றால் என்னவாகும் என்பதற்குத் தமிழகமே சாட்சி. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் பெரும்பொருள் கொடுத்து ஆயிரக்கணக்கில் அரபுக் குதிரைகளைக் கடல்வழியே வரவழைத்தும், அவற்றைப் பேணத் தெரியாமையால் ஆண்டு முடிவுக்குள் பெரும்பாலானவற்றை இழந்துவிடுகிறார்கள் என்று எழுதிவைத்தான். வெளிநாட்டானின் மிகையென்று எவ்வளவு தள்ளினாலும், மிச்சம் வெட்கப்படப் போதுமானது.

செஞ்சியில் கல்யாண மகாலின் அருகே வளைவு வளைவாக நிற்கும் அறை வரிசைகளை லாயமென்று காட்டுகிறார்கள். படைவீரர் தங்கிய இடமென்பாரும் உண்டு. சவாரிக்காரர்களின் பெயர்கள் பாட்டில் நின்றன. கொள்ளு ஊறவைத்து, குளம்பு பார்த்து, குட்டியைக் கயிற்றில் சுற்றிப் பழக்கியவன் ஒருவன் பெயரும் நமக்குக் கிட்டவில்லை. அந்த வேலை எப்படி நடந்தது என்பதைப் படங்களோடு தமிழில் விளக்கும் பலகையொன்றை அங்கே நிறுத்துவது தொல்லியல் துறைக்குப் பெரிய பாரமாகாது.

அதைவிட அவசரமானது வேறொன்று. கூட்டம் பெருகினால், கடற்கரைகளில் காண்பதுபோல், கோட்டை வாயிலிலும் தேசிங்கின் பெயர் சொல்லிச் சவாரிக் குதிரைகள் வந்து நிற்கும். முதுகெலும்பின் வளர்முனைகள் இறுக ஐந்தாறு ஆண்டுகள் பிடிக்கும் பிராணிமேல், இரண்டு வயதில் பெரியவர்களை ஏற்றிக் கற்படியோரம் நடத்துவது கொடுமை. பந்தயத்தில் இரண்டு வயதிலேயே ஓட்டவில்லையா என்று கேட்பார்கள். பந்தயத்தின் அவசரம் பணத்தின் அவசரம், அது நமக்குப் பிரமாணமாகாது. ஆகவே, குதிரைகள் வருமுன்பே நகர நிர்வாகம் விதி செய்யவேண்டும். நான்கு வயது நிரம்பாத குதிரைக்கு அனுமதி கூடாது. இதற்குப் பிறப்புச் சான்றிதழ் தேவையில்லை. கால்நடை மருத்துவர் உதட்டைத் தூக்கிப் பார்த்தால் போதும், முன்வரிசையின் ஓரப் பால்பற்கள் ஏறக்குறைய நாலரை வயதில்தான் விழுகின்றன, நடுப்பற்கள் இரண்டரையிலேயே மாறிவிடும். பார்க்கிற வாய் திறந்திருக்கும்போதே கடிவாளத்தையும் பார்த்துவிடலாம். முள் வைத்த கடிவாளத்தை மத்திய அரசின் 1965-ஆம் ஆண்டு விதிகளே தடுத்திருக்கின்றன.