சாயம் பிறகு, சக்கரம் முதலில்

வீட்டுக் கொட்டகையில் பழைய மோரிஸ் மைனர் காரைப் புதுப்பிக்கும் தம்பிமார் சிலர், எடுத்த எடுப்பிலேயே சாயம் வாங்கி விடுகிறார்கள். 1948-இல் இங்கிலாந்தில் வெளிவந்த வண்டி அது. சாயம் அடித்தால் அழகுதான், யார் இல்லையென்றார்?

ஆனால் முன் சக்கரத்துக்குப் பின்னால், கீழே, மரை போட்ட முளை ஒன்று உண்டு. சக்கரம் இடம் வலம் திரும்புவது அதில்தான். கிரீஸ் வற்றினால் மரை தேயும். ஒருநாள் கழன்று, ஓட்டத்திலேயே சக்கரம் மடங்கிவிடும். மனைவி மக்களை ஏற்றுகிற வண்டியல்லவா?

ஜாக்கியை மட்டும் நம்பாமல் கனமான கட்டை முட்டுக் கொடுத்து, சக்கரத்தை ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் கண்டால் அந்த இணைப்பை மாற்றுங்கள். சக்கரம் தொங்கும்போதே கிரீஸ் அடியுங்கள். பழைய அழுக்குக் கிரீஸ் பிதுங்கி வெளியே வரவேண்டும்.